இழையும் ஒலி: உறுமி முதல் விளையாட்டுப் பொறி வரை

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. நட்டவர் அங்கு ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. அம்மரம் தோட்டப் பயிராகப் பெருகியபின், கங்காணிகளின் வழியே தமிழ்த் தொழிலாளர் திரள்திரளாகக் கப்பலேறினர். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுக்கும் வரை அவ்வரவு நீடித்தது. மூட்டை முடிச்சுடன் வந்த ஏழை மக்கள் எவ்விசைக் கருவியைக் கொண்டுவர இயலும்? தோளில் தொங்கத்தக்க பறையும் உறுமியுமே கடல் கடந்தன. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவியே எளியோரின் இசையை வாழ்விக்கிறது என்பதற்கு இது முதற் சான்று.

உறுமி இடை சிறுத்த இருமுகக் கருவி. ஒரு முகத்தைக் கோலால் அடிப்பர். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் உரசுவர். உரசும்போது ஒலி தாழ்விலிருந்து உயர்விற்கு அறுபடாமல் இழைந்து செல்லும். உறுமுதலால் உறுமி எனப் பெயர் பெற்றது. அரங்கிசையார் கமகம் எனப் போற்றும் நெளிவு, தாளக் கருவி ஒன்றிலேயே இவ்வாறு அமைந்திருத்தல் எண்ணத்தக்கது.

இந்நெளிவுக்கு இடர் விளைத்தது ஆர்மோனியம். பிரான்சில் பிறந்த அக்கருவியைத் தரையிலமர்ந்து கையால் துருத்தி இயக்கி வாசிக்குமாறு 1875இல் கல்கத்தாவில் அமைத்தவர் துவாரகநாத் கோஷ். எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதால் தமிழ் நாடக மேடையை அது விரைந்து பற்றிக்கொண்டது. ஆயினும், கட்டைக்குக் கட்டை தாவுமேயன்றி இடையே வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’, விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) ஆகிய இரண்டும் அலகுகளின் எண்ணிக்கையில் மாறுபடும்; எனினும், பன்னிரு சுரத்தினும் நுண்ணிய அலகுகளைத் தமிழிசை கையாண்டது என்பதில் ஒன்றுபடும். இத்தகைய குறை கருதியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அவ்விலக்கு 1971 வரை நீடித்தது.

கட்டைக் கருவி இழந்ததை மின் கருவி மீட்டது எனலாம். பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி. 303, டி.ஆர். 808 ஆகிய சிறு பொறிகளை வாங்கினார். 303 பொறி, தனியே பயிலும் இசைஞர்க்குத் துணையாகத் தாழ்சுரம் வாசிக்கவென்று செய்யப்பட்டது. அது நன்கு விற்கவில்லை. 1984இல் உற்பத்தியும் நின்றது. ஆனால் அதில் ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்லும் அமைப்பு இருந்தது. அதனையும் பிற மின் கருவிகளையும் கொண்டு 1982இல் அவர் பத்து இராகங்களை இசைத்தட்டாக்கினார். அவற்றுள் பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். மோகனத்தை முல்லைப் பண் எனக் கொள்வாரும் உளர். அன்று அத்தட்டைக் கேட்பார் அரியர். 2010இல் அது மறுபடி வெளிவந்தபோது, சிகாகோ இளைஞர்கள் 1987இல் அதே பொறியால் தோற்றுவித்த ஆடலிசைக்கு அது ஐந்தாண்டு முந்தியது எனக் கண்டு உலகம் வியந்தது.

விளையாட்டுப் பொறியின் கதையும் இத்தகையதே. ஜப்பானிய ‘எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா’ குழுவினர் 1978இலேயே விளையாட்டுக் கூடங்களின் ஒலியை இசையாக்கினர். 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘கேம் பாய்’ உள்ளங்கையில் அடங்குவது. அதன் ஒலிவழிகள் நான்கே: சதுர அலை இரண்டு, விரும்பியவாறு வடித்துக்கொள்ளும் அலை ஒன்று, இரைச்சல் ஒன்று. இரைச்சலைச் சிறுசிறு துண்டாக வெட்டினால் அது முழவாகும். முதற் சதுர அலைக்கோ சுருதியைத் தானே ஏற்றி இறக்கும் ஆற்றல் உண்டு. இக்குறுகிய வளத்தைக் கொண்டே ஆலிவர் விட்சோ 1998இல் ‘நானோலூப்’ எனும் இசையாக்க நிரலையும், யோகான் கொட்லின்ஸ்கி 2000ஆம் ஆண்டில் ‘லிட்டில் சவுண்ட் டி.ஜே.’ எனும் நிரலையும் படைத்தனர். அன்று முதல் சிறுவரின் விளையாட்டுப் பொருள் மேடைக் கருவியாயிற்று.

மீண்டும் பேராக்கை நோக்குவோம். தோட்டத் துண்டாடல் தொழிலாளரை அலைக்கழித்தது. அதனைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும், பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் வெறுமையாயின, மக்கள் நகர்ப்புறம் சேர்ந்தனர். அவர்களோடு உறுமியும் நகரேறியது. ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கோயில் நோக்கிச் செல்லும் தைப்பூச ஊர்வலம் தோட்டத்தார் பேணிய வழிபாட்டு மரபின் தொடர்ச்சியே.

பொறியின் நெளிவு எண்ணாகக் குறிக்கப்பட்டது. எத்தனை முறை இயக்கினும் மாறாது. உறுமியாளரின் நெளிவு காவடி எடுப்போரின் கால்களைப் பார்த்து மாறுவது. ஆகவே பொறி வந்தமையால் உறுமி வேண்டாததாகிவிடாது. அதே வேளையில், அயலிலிருந்து வந்ததென்று பொறியைப் பழிப்பதும் பொருந்தாது. ஆர்மோனியமும் அவ்வாறு வந்து நம்முடையதாகியதே. அஞ்சத்தக்கது வேறொன்று: பொறி கையில் இருக்க, உறுமியைக் கேட்டறியாத தலைமுறை வளர்வது. இசை கற்பிக்கும் ஆசிரியர் ஆர்மோனியம், உறுமி, விளையாட்டுப் பொறி ஆகிய மூன்றையும் ஒரே மேசைமேல் வைத்து ஒலிக்கச் செய்வாராயின், எது தாவுகிறது, எது இழைகிறது என்பதை மாணவரின் செவியே உணர்ந்துகொள்ளும்.