மூடி வைத்த ஓடை

வையைக்குப் பரிபாடல் உண்டு. காவிரிக்குப் பட்டினப்பாலை உண்டு. ஊரை வளர்த்த ஆறுகளை நம் புலவர்கள் உள்ளங்குளிரப் பாடினர். வளர்ந்துவிட்ட ஊரின் அழுக்கைச் சுமந்த வாய்க்கால்களைப் பாடியவர் மிக அரியர். ஆயினும் ஒரு நகரத்தின் வரலாற்றை உள்ளவாறு அறிய விரும்புபவர் அத்தகைய வாய்க்காலின் கரையிலும் சிறிது நேரம் நிற்றல் வேண்டும். தென்கொரியத் தலைநகர் சியோலின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் சொங்கியேச்சொன் என்னும் ஓடை அப்படிப்பட்டது.

ஜோசன் வமிசத்தார் 1394இல் அங்கே தலைநகரை அமைத்தனர். மழை பெய்தால் ஓடை பெருகி வீடுகளுள் புகும்; வெயில் காய்ந்தால் கழிவு தேங்கி நாறும். 1412இல் மன்னன் டேஜோங் அதனை ஆழமாக்கிக் கரை கட்டுவித்தான். அதற்குச் சற்று முன்னர், 1410இல், அவன் கட்டுவித்த குவாங்தொங் பாலத்துக்கு ஒரு கதை உண்டு. தன் சிற்றன்னையின் கல்லறையைப் பிரித்து, அந்தக் கற்களையே பாலத்துக்கு இட்டான். அவளுடைய மகனுக்கு இளவரசுப் பட்டம் கிடைத்திருந்தமை அந்தப் பகைக்குக் காரணம். பூவேலைப்பாடமைந்த கற்கள் சில தலைகீழாகப் பதிக்கப்பட்டன. அரசியின் கல்லறைக் கற்கள்மீது ஊரார் நடந்து சென்றனர்.

1760இல் யொங்ஜோ மன்னன் மீண்டும் ஓடையைத் தூர்வாரினான். 57 நாட்கள் நடைபெற்ற அவ்வேலையில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் ஈடுபட்டனர். அவர்களுள் கால்பங்கினர் கூலி பெற்று உழைத்தவர்கள் என்பது இங்கு நினைவில் நிறுத்தத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வோடை இலக்கியத்திலும் இடம்பெற்றது. பார்க் டேவொன் என்ற எழுத்தாளர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் எழுதிய 'ஓடைக்கரைக் காட்சிகள்' என்னும் நாவலில் துணி வெளுக்கும் பெண்களும், சவரக்கடைச் சன்னல் வழியே தெருவைப் பார்த்திருக்கும் சிறுவனுமே கதைமாந்தர். பின்னர் கொரிய யுத்தம் வந்தது. அகதிகள் கரைநெடுகக் குடிசை போட்டனர். ஓடை சாக்கடையாயிற்று. 1958இல் அதனைக் கொங்கிறீற்றால் மூடத் தொடங்கினர்; 1967இல் அதற்கு மேலே உயர்பாலச் சாலை ஒன்றையும் எழுப்பத் தொடங்கினர். இதனை முன்னேற்றம் என்று நாடே பெருமைப்பட்டது.

அந்தச் சாலையருகே இருந்த தையற்கூடங்களில் இளம்பெண்கள் நெடுநேரம் வேலை செய்து நோயுற்றனர். அவர்களுக்காகத் தொழிற்சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு கோரிய 22 வயதுத் தொழிலாளி ஜொன் டேயில், 1970 நவம்பர் 13ஆந் திகதி தன் உடலுக்குத் தீ மூட்டி உயிர்துறந்தார்.

2003 ஜூலையில் மாநகர முதல்வர் லீ மியுங் பாக் உயர்பாலத்தை இடிக்கத் தொடங்கினார். பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியானவரும் இவரே. 2005 ஒக்டோபர் முதலாந் திகதி, 5.8 கிலோமீற்றர் நீளமான ஓடை மக்களுக்குத் திறந்து விடப்பட்டது.

அங்கு தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் நானும் ஓர் உல்லாசப் பயணியாக அதனைக் கண்டேன். வாயிற்கதவு இல்லை, கட்டணச் சீட்டும் இல்லை. படியிறங்கியதும் மேலேயுள்ள வாகன இரைச்சல் தணிந்துவிடுகிறது. அலுவலகம் விட்டு வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றி நீரில் கால் நனைத்திருந்தனர். குவாங்தொங் பாலத்தின் அடியிலே அந்தத் தலைகீழ்ப் பூக்களைக் கண்டேன். கிழக்கே சென்றால், பாலமொன்றின்மீது ஜொன் டேயிலின் சிலை நிற்கிறது. இன்னும் கீழே, இடித்த சாலையின் மூன்று தூண்களை அடையாளமாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. இந்நீர் தானாக வருவதன்று. ஹான் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் நாள்தோறும் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் தொன் நீரை இயந்திரத்தால் இறைத்து விடுமாறு திட்டமிட்டனர். ஓடையோரத்து நடைபாதை வியாபாரிகள் பழைய விளையாட்டரங்கொன்றுக்கு அனுப்பப்பட்டனர். பிறகு அவ்வரங்கும் இடிக்கப்பட, அங்கிருந்தும் எழ நேர்ந்தது. நான் காசின்றிக் கண்ட காட்சிக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

நேயர்களே, கண்டியிலும் ஓர் ஓடை உண்டு. 1807இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வயல்களை மறித்துக் கண்டி வாவியை அமைக்கத் தொடங்கினான். கூலியின்றி இராஜகாரியமாக வேலை வாங்கப்பட்ட மக்கள் மனங்கசந்தனர். 1815இல் அரசிழந்து, வேலூரில் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மாண்டான் அம்மன்னன். அவனுடைய வாவியின் மேலதிக நீரைச் சுமந்து, நகரின் கழிவையும் ஏற்றுக்கொண்டு மகாவலி கங்கையில் சேர்கிறது மெத எல. வாவியைப் படம் பிடிக்கும் உல்லாசப் பயணிகள் மெத எலவின் பக்கம் திரும்புவதில்லை.

நான் வாழும் மஹய்யாவ, இந்நகரைத் துப்புரவு செய்துவரும் தமிழ்த் தொழிலாளரின் இடம். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள். தலதா மாளிகைக்கும் வாவிக்கும் வழிகாட்டி நூல்களில் பக்கங்கள் உண்டு; விடியுமுன் வீதிக்கு இறங்கும் இவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

மெத எலவையும் ஒருநாள் சீர் செய்வார்கள் என்றே நம்புகிறேன். கரையிலே மரங்களும் இருக்கைகளும் வரட்டும். கட்டணமின்றி எவரும் கால் நனைக்கட்டும். சியோலிடமிருந்து நாம் கற்க வேண்டியது நீரிறைக்கும் நுட்பத்தை மாத்திரமன்று. பாலத்தின்மீது ஒரு தொழிலாளிக்குச் சிலை வைக்கும் மனத்தையும் கற்க வேண்டும். கரையோரத்து ஏழைகளைப் பெயர்த்தெறிந்த பிழையை விலக்கவும் வேண்டும். அன்று அங்கே நாட்டப்படும் கல்லில் திறந்து வைத்த அமைச்சரின் பெயர் எப்படியும் இருக்கும். மஹய்யாவத் தொழிலாளரைப் பற்றியும் அதில் எழுதச் செய்வது, எழுத்தறிந்த நம் போன்றோரின் கடமையாகும்.