சாவி போனால் மாற்றலாம், முகவரி போனால்?

பிட்காயின் என்னும் மின்பணத்தை நான் வாங்கியதில்லை. ஆனாலும் வேலைக்காலம் முழுவதும் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால், அதன் சிறிய சரித்திரத்தில் இரண்டு சம்பவங்கள் என் கவனத்தை இழுத்தன. இரண்டிலும் களவு போனது வாடிக்கையாளர் பதிவேடு.

முதலாவது 2011 ஜூனில். டோக்கியோவில் மார்க் கார்ப்பெலெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நடத்திய மவுண்ட் காக்ஸ் சந்தையில், சுமார் 60,000 பேரின் பயனர் பெயர், மின்னஞ்சல், மறையாக்கிய கடவுச்சொல் வெளியே வந்தன. களவாடிய கணக்கு வழியே ஒருவன் காசுகளைக் கொட்டி விற்க, 17 டாலர் விலை ஒரு சென்ட்டுக்குச் சரிந்தது. அந்த விற்பனைகளை நிறுவனம் ரத்து செய்துவிட்டது. ஆனால் அதே கடவுச்சொல்லை வேறு தளத்திலும் வைத்திருந்தவர்களை அந்த ரத்து காப்பாற்றாது அல்லவா?

இரண்டாவது 2020இல். பாரிசைச் சேர்ந்த லெட்ஜர், மின்பணத்தின் சாவிகளைப் பூட்டி வைக்கும் சிறு கருவியை விற்கும் நிறுவனம். பெயருக்குப் பொருள் நம் அலுவலகப் பேரேடுதான்! கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. விற்பனைப் பதிவேடு போனது. சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. பிறகு போலி மின்னஞ்சல்களும் மிரட்டல்களும் வந்தன. மறு வருடம் சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது.

கடவுச்சொல்லை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். வீட்டை மாற்ற முடியுமா? அதனால்தான் இரண்டாவது களவு வருடக்கணக்கில் துரத்துகிறது.

கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவே. கசிவுச் செய்தி வந்தால், கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல் தள முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பிறகு கணக்கினுடையதையும் மாற்றுங்கள். ஒன்றுக்கு வைத்ததை மற்றொன்றுக்கு வைக்காதீர்கள். இரண்டாம் சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியில் வாங்காமல் அதற்கான செயலியில் வாங்குங்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவன் சிம் வாங்கிவிட முடியும். பணத்தை மீட்கும் 24 சொற்களை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உண்மையான நிறுவனம் அதைக் கேட்கவே கேட்காது.

ஒருவன் உங்கள் பெயரையும் தெருவையும் சரியாகச் சொல்கிறான் என்பதால் அவன் நிறுவனத்து ஆள் ஆகிவிடமாட்டான். களவு போன பதிவேடு அவன் கையில் இருக்கலாம்.