சொல் தளரும் காலம்

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியின் பிராங்போட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு ஓகுஸ்ட என்னும் 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவரெதிரே அமர்ந்து, தம் வினாக்களையும் அவர் விடைகளையும் அப்படியே எழுதிக்கொண்டார். பென்சிலையும் திறப்பையும் காட்டியபோது பெயர்களைப் பிழையின்றிச் சொன்ன அப்பெண், கணவரின் பெயரைக் கேட்டதற்குத் தம் பெயரையே கூறினார். பூக்கோவாவும் இறைச்சியும் உண்டுகொண்டே, உண்பது கீரை என்றார். 1906இல் அவர் இறந்தபின், அவர் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை அல்சைமர் வெளியிட்டார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

நோய் முற்றியபின் அதனைப் பேச்சிற் காண்பது எளிது. முற்றுமுன் காண இயலுமா? இவ்வினாவுக்கு விடையொன்று இலக்கியத்திலிருந்து கிடைத்தது.

ஐரிஸ் மெர்டொக் அம்மையார் இருபத்தாறு நாவல்களை எழுதிய ஆங்கில ஆசிரியை, மெய்யியல் கற்பித்தவர். 1995இல் வெளியான இறுதி நாவலை எழுதுகையில் சொற்கள் வழக்கம்போல் வரவில்லை. எழுத்தாளர்க்கு இடையிடையே நேரும் தடையென்றே அவர் எண்ணினார். பின்னரே அது அல்சைமர் நோயென வைத்தியர்கள் கண்டனர். 1999இல் அவர் மறைந்தார்.

பீற்றர் கராட் என்ற நரம்பியல் வைத்தியரும் அவர்தம் துணைவரும், மெர்டொக்கின் 1954ஆம் ஆண்டு முதல் நாவலையும், 1978இல் புக்கர் பரிசு பெற்ற நாவலையும், இறுதி நாவலையும் கணினியின் உதவியுடன் ஒப்பிட்டனர். ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. வாக்கிய அமைப்பு பெரிதும் மாறவில்லை; இலக்கணம் சிதையவில்லை. சொல்வளமே சுருங்கியிருந்தது. அரிய சொற்கள் நின்ற இடத்தில் யாவரும் வழங்கும் சொற்கள் வந்து அமர்ந்திருந்தன. அம்மையார் கையாலேயே எழுதுபவர். பதிப்பாளர் தம் எழுத்தைத் திருத்துவதை விரும்பாதவர். ஆகவே அந்நூலின் குறையும் நிறையும் அவருடையனவே. வீடு நிமிர்ந்து நிற்க, உள்ளிருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக அகன்ற நிலை அது. வெளியே நின்று பார்ப்பவர்க்கு அது எங்ஙனம் புலப்படும்?

எழுத்திற் கண்டதைப் பேச்சிலும் தேடினர். அமெரிக்க ஜனாதிபதியாக 1981 முதல் 1989 வரை இருந்த ரொனால்ட் ரேகன், தமக்கு இந்நோய் உண்டென 1994இல் அறிவித்தார். பத்திரிகையாளர் மாநாடுகளில் அவர் ஆயத்தமின்றி அளித்த விடைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வேறுபட்ட சொற்கள் குறைந்தன. ‘அந்தப் பொருள்’, ‘ஏதோ ஒன்று’ போன்ற தெளிவற்ற சொற்கள் பெருகின. அவருக்குப்பின் பதவியேற்ற மூத்த புஷ்ஷின் பேச்சில் இம்மாற்றம் இல்லை. ஆயினும் பதவிக்காலத்திலேயே ரேகனுக்கு நோய் இருந்ததென ஆய்வாளர் தீர்ப்பு வழங்கவில்லை; அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரேமிங்ஹாம் நகரில் 1948 முதல் மக்களின் உடல்நலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வருகின்றனர். சிறுவன் பிஸ்கற் திருட, தாய் பாத்திரம் துடைக்க, நீர் வழிந்தோடும் படமொன்றைப் பார்த்து, நலமாயிருந்த காலத்தில் அவர்கள் எழுதிய சில வரிகளைக் கணினி ஆராய்ந்தது. பின்னர் யாருக்கு நோய் வருமென, சராசரி ஏழரை ஆண்டுகளுக்கு முன்னரே, பத்தில் ஏழு பேரளவில் அது சரியாகச் சொன்னதென 2020இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய மூவருள் நோயற்றவரும் இருப்பர். இல்லாத நோய்க்கு அஞ்சி அவர் ஏழரை ஆண்டு வாழ்ந்தால், அந்த ஆண்டுகளை அவருக்கு மீட்டுத் தருபவர் யார்?