படைக்கலம் பேசும் வரலாறு

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டார். அங்கே வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று மின்னின. அதியமானின் வேல்களோ போரிட்டு நுனி சிதைந்து, கொல்லனின் சிற்றுலைக் கொட்டிலில் கிடந்தன. புறநானூற்றின் 95ஆம் பாடல் இவ்விரண்டையும் ஒப்பிடுகிறது. புகழ்வது போல் இகழ்ந்த அப்பாட்டில் வரலாற்று மாணவர்க்கும் பாடம் ஒன்று உண்டு. படைக்கலத்தின் மெய்வரலாறு அதன் மெருகில் இல்லை. அதன் வடுக்களிலும், அது வந்த வழியிலும் உள்ளது.

மலாய் மக்களின் தலையாய படைக்கலமாகிய கிரிஸ் இதற்குத் தக்க சான்றாகும். சாவகத்தில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த சுக்கு ஆலயத்தில், வீமன் கொல்லனாக நின்று படைக்கலம் வடிக்க, அருச்சுனன் துருத்தி இயக்க, நடுவே ஆனைமுகக் கடவுள் ஆடும் புடைப்புச் சிற்பம் உண்டு. நம் இதிகாச வீரர்கள் கடல் கடந்து கிரிஸ் வடித்த உலைக்களத்திலும் இடம்பெற்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. இந்தோனேசியக் கிரிஸை யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் மானிடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

கிரிஸை இனங்காண்போர் அலகு, பிடி, உறை ஆகிய மூன்றையும் நோக்குவர். அலகு நேராக இருக்கும், அன்றேல் நெளிந்திருக்கும். நெளிவுகள் ஒற்றைப்படை எண்ணில் அமைவது மரபு. வேறுபட்ட இரும்பு வகைகளை அடுக்கி அடிப்பதால் அலகில் 'பாமோர்' எனும் கோலம் தோன்றும். எலுமிச்சைச் சாறும் பாடாணமும் கொண்டு கழுவினால் இரும்பு கருக்க, நிக்கல் கலந்த பகுதி வெண்மையாய் ஒளிரும். பிடியோ நாட்டுக்கு நாடு வேறுபடும். தீபகற்ப மலாயாவின் 'ஜாவா டெமாம்' பிடி, குளிர்காய்ச்சலில் குறுகி அமர்ந்த மனிதனைப் போன்றது. பட்டாணியின் 'தாஜோங்' பிடி நீண்ட மூக்குடையது.

எனினும், உருவம் மட்டுமே ஊரைச் சொல்லிவிடாது. சிலாங்கூர் அரச மரபு 18ஆம் நூற்றாண்டில் பூகிஸ் மக்களால் நிறுவப்பட்டது. அவர்தம் தாயகம் சுலாவெசித் தீவு. சுல்தான் அப்துல் சமாட் (ஆட்சி 1857–1898) வாழ்ந்த ஜுக்ரா, கோல லங்காட் மாவட்டத்தில் உள்ளது. 'படைத்தலைவன்' எனப் பொருள்படும் 'பங்லிமா' என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய தெலுக் பங்லிமா காராங்கும் அம்மாவட்டத்து ஊரே. அப்பகுதிக் குடும்பம் ஒன்றில் பூகிஸ் வடிவக் கிரிஸ் இருப்பின் வியப்பில்லை. அதே கிரிஸ் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்தால், அது சுலாவெசியில் வழங்கியதா, சிலாங்கூரில் வழங்கியதா என்பதை அலகு கூறாது. வைத்திருந்தோர் சொல்லே கூறும். மேலும், பழைய அலகுக்குப் புதுப் பிடியும், வேற்றூர் உறையும் பூட்டி விற்பதும் உண்டு.

உறையின் அருமைக்கு வெளிநாட்டுச் சான்றும் காட்டலாம். சகாராப் பாலைவனத்துத் தூவாரெக் மக்கள் தம் குத்துவாளை இடது முன்கையில், பிடி மணிக்கட்டை நோக்க அணிவர். உறையிலுள்ள தோல் வளையமே அதனைக் கையில் நிறுத்துவது. அவ்வுறை தொலைந்தால், கையணிவாள் என்னும் அடையாளத்தின் பெரும்பகுதியும் தொலைந்துவிடும்.

தமிழகம் பட்ட இழப்போ பெரிது. தஞ்சையின் கட்டாரிகள் கைவிரல்களைக் காக்கும் கவசம் பொருந்தியவை. அவற்றுள் சில ஐரோப்பிய அலகு பூட்டப்பெற்றவை. 1855இல் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின், தஞ்சைப் படைக்கலச் சாலையின் பொருள்களுள் பெரும்பகுதி திருச்சிராப்பள்ளியில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தெரிந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றைக் கொண்டே இன்று தஞ்சைக் கட்டாரியை இனங்காண வேண்டியுள்ளது.

ஆதலின், பழம்படைக்கலம் ஒன்று கிடைக்கும்போது முதலில் செய்யத்தக்கது துருவைத் தேய்ப்பதன்று; யாரிடமிருந்து, எவ்வூரில், எப்படி வந்தது என்று எழுதி வைப்பதே. தோட்டப்புறத்தில் நம் முன்னோர் ரப்பர் மரம் சீவிய கத்திக்கும் இது பொருந்தும். பள்ளியில் அதனைக் காட்சிக்கு வைக்கும் ஆசிரியர், அதனைப் பிடித்த கையின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்பாராக. பெயரற்ற கத்தி வெறும் இரும்பே.