குற்றாலத்துத் தோட்டங்கள்

தென்காசி மாவட்டம் குற்றாலத்தில், திரிகூடமலையின் அடிவாரத்திலும் சரிவுகளிலும் உள்ள பழைய நறுமணப் பயிர்த் தோட்டங்களும் பழத் தோட்டங்களும், அவற்றை ஒட்டி எழுந்த மாளிகை வளாகங்களும். 2019 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இங்கே அருவியாக விழும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே ஆடி மாதம் பொதுவாக வறண்ட காலம்தான். குற்றாலம் அதற்கு விலக்கு. ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, ஜூன் முதல் சாரலாகத் தூவுகிறது. இந்த ஈரத்தை நம்பித்தான் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே தோட்டம் போட்டது. டச்சுக்காரர் வசமிருந்த அம்பாய்னா, பண்டா தீவுகளை அது 1796இல் பிடித்தது. வெளியே போகாதபடி டச்சுக்காரர் காத்துவந்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகள் அதன் கைக்கு வந்தன. அந்தக் காலத்தை ஒட்டியே குற்றாலத்திலும் ஜாதிக்காய், கிராம்பு, பட்டை பயிரிடப்பட்டன. பாளையங்கோட்டை அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்கப் பங்களாக்கள் எழுந்தன. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830களில் இம்மலையின் செடிகொடிகளை ஆராய்ந்து எழுதினார்.

மாளிகைகளில் பெரியது திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் குற்றாலம் அரண்மனை. 50 ஏக்கருக்கு மேல் பரந்த அதன் வளாகம் கேரள அரசின் உடைமை. இங்கிலாந்துப் பிரபுக்கள் தம் மாளிகையைச் சுற்றி ஏரி வெட்டி, மேடு எழுப்பித் தோட்டம் சமைத்தார்கள். குற்றாலத்தில் அந்த வேலைக்கு அவசியமே இல்லை. மலையும் நீரும் தயாராக இருந்தன.

தோட்டங்களின் உண்மையான செல்வம் மரங்கள்தான். அரசு தோட்டக்கலைத் துறையின் பண்ணைக்குள் விழும் அருவிக்கே பழத்தோட்ட அருவி என்று பெயர். துரியன், ரம்புட்டான், மங்குஸ்தான் ஆகியவை குற்றாலத்துக் கடைகளுக்கு வருவது இத்தகைய தோட்டங்களிலிருந்து. ஜாதிக்காய் மஞ்சளாகப் பழுத்து இரண்டாகப் பிளக்கும்போது, கருங்கொட்டையைச் செக்கச்செவேலென்ற வலைபோல ஜாதிபத்திரி சுற்றியிருக்கும். கடையில் வாங்கும் வற்றல் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருக்கும். மங்குஸ்தானின் அடியில் சிறு பூப்போன்ற தழும்பு உண்டு. அதன் இதழ்களை எண்ணினால், உள்ளே எத்தனை வெண்சுளை என்று உடைக்காமலே சொல்லிவிடலாம்.

கட்டடங்களுக்குக் கிடைக்கும் கவனம் இந்த மரங்களுக்குக் கிடைக்கவில்லை. முதிய மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, வயதறிந்து, பெயர்ப்பலகை வைக்க வேண்டும். அருவிக்குப் போகிறவர்கள் ஒருமுறை தோட்டங்களையும் நின்று பாருங்கள். மங்குஸ்தான் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.