பகைவனுக்கு ஓர் இறுதிச்சடங்கு: ஜப்பானியச் சித்திரக்கதையில் எதிர்நிலைப் பாத்திரம்

கதைத்தலைவனை எதிர்த்து நிற்பவனைக் குறிக்கத் தமிழில் இன்று 'வில்லன்' என்னும் ஆங்கிலச் சொல்லே பெருவழக்காக உள்ளது. நாடக மேடையும் திரைப்படமும் நமக்குத் தந்த சொல் அது. ஜப்பானிய நாடக மரபில் இப்பாத்திரத்துக்குக் 'கதாகியாகு' என்று பெயர். பகைவன் வேடம் என்பது அதன் பொருள். தீயவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. பகைவன் என்றாலோ, யாருக்குப் பகைவன், எதனால் பகைவன் என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகள் (மாங்கா என்று நெடிலிட்டு எழுதினால் நம்மவர் உப்பும் மிளகாய்த்தூளும் தேடக்கூடும், ஆகவே குறிலே இருக்கட்டும்) அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாக்களைக் கேட்டு வந்திருக்கின்றன.

எங்கள் கல்லூரி மாணவியர் இக்கதைகளைப் பற்றி உரையாடுகையில் தலைவனைவிடப் பகைவனையே மிகுதியாகப் பேசக் கேட்டிருக்கிறேன். இஃது இன்றைய தலைமுறையின் கோணல் சுவை என்று கவலைப்படுவாரும் உளர். அச்சுவைக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதனை நம் வட்டத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடை தந்த மரபு

கபுகி நாடகத்தில் முகவண்ணமே பாத்திரத்தின் இயல்பை அறிவித்துவிடும். வீரனுக்குச் சிவப்புக் கோடுகள். தீயோனுக்கும் ஆவிக்கும் நீலக் கோடுகள். இத்துணைத் தெளிவாக வண்ணம் பிரித்த அதே மேடைதான் அவ்வண்ணங்களைக் கலைக்கவும் செய்தது. 'இரோஅகு' என்பது அழகிய கொடியவனைக் குறிக்கும் வேடம். நான்காம் த்சுருயா நம்போகு எழுதி 1825இல் அரங்கேறிய யோத்சுயா பேய்க்கதையில் மனைவிக்கு இரண்டகம் செய்யும் இயெமோன் இவ்வகையினன்.

இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது 'மொதோரி' என்னும் உத்தியாகும். மொதோரி என்றால் திரும்புதல். 1747இல் முதலில் பொம்மை நாடகமாக அரங்கேறிய 'யோஷித்சுனேயும் ஆயிரம் செர்ரி மரங்களும்' நாடகத்தில் கோந்தா என்றொரு போக்கிரி வருகிறான். தன் தந்தை அடைக்கலம் தந்து காத்த பிரபுவின் தலை என்று ஒன்றையும், அவருடைய மனைவி மகன் என்று இருவரையும் எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்துவிடுகிறான். சினம் தாங்காத தந்தை அவனைக் குத்திவிடுகிறார். குருதி ஒழுகக் கிடக்கையில்தான் உண்மை வெளிப்படுகிறது. அவன் தந்தது வேறொருவர் தலை. கட்டி அனுப்பியது தன் சொந்த மனைவியையும் மகனையும். அதுவரை வெறுத்த ஒருவனுக்காக அவையோர் கண்ணீர் விடும் இடம் அது. சாகும் வேளையில் பகைவனின் கடந்த காலத்தைத் திறந்து காட்டும் இன்றைய மங்காக்களின் வழக்கம் இம்மரபின் வாரிசு எனலாம்.

மை பூசிய பாடநூல்கள்

மரபு மட்டுமே இதனை விளக்கிவிடாது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கையில் தூரிகையும் மையும் தரப்பட்டன. போரைப் போற்றிய வரிகளைத் தம் பாடநூல்களில் தாமே அழிக்குமாறு பணிக்கப்பட்டனர். அவ்வரிகளை முன்பு மனப்பாடம் செய்வித்த ஆசிரியர்களே அருகில் நின்று அழிக்கச் செய்தனர். வீரன் யார், பகைவன் யார் என்பது ஒரே பருவத்தில் மாறியதைக் கண்ட தலைமுறையிலிருந்தே பின்னாளைய மங்கா ஓவியர் பலர் வந்தனர்.

ஓசாகா வான்தாக்குதலில் உயிர் தப்பிய தெசுகா ஒசாமு (1928–1989) 1964இல் தொடங்கிய ஒரு கதையில் பிளூட்டோ என்னும் ரோபோ வருகிறது. உலகின் ஆற்றல்மிக்க ஏழு ரோபோக்களை அழிப்பதற்கென்றே படைக்கப்பட்டது அது. அதற்குத் தனக்கென ஒரு வெறுப்பும் இல்லை, ஏவியவன் வேறொருவன். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கொல்பவனிடம் குற்றம் எவ்வளவு என்னும் வினாவைச் சிறுவர் இதழிலேயே தெசுகா எழுப்பினார். போர் முடிந்து இருபது ஆண்டும் ஆகாத நாட்டில் அது சிறுவர்க்கு மட்டும் உரிய வினா அன்று.

1939இல் பிறந்த சிபா தெத்சுயா மஞ்சூரியாவில் வளர்ந்தவர். தோல்விக்குப்பின் ஜப்பானியர் மீது வெறுப்பு மூண்டிருந்த நாட்களில், தந்தையின் சீன நண்பர் ஒருவர் அக்குடும்பத்தைத் தம் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்துக் காத்தார். வெளியே போக இயலாத தம்பியருக்குச் சிபா அங்கே படம் வரைந்து காட்டினார். பகைநாட்டார் ஒருவரின் பரணில் கற்ற கலை, பின்னாளில் மங்கா உலகின் புகழ்மிக்க பகைவனைப் படைத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் கூற மாட்டேன். ஆயினும் அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்க்கத்தக்கன அவை.

ரிக்கீஷியின் சாவு

கஜிவாரா இக்கி வேறொரு புனைபெயரில் எழுத, சிபா வரைந்த 'நாளைய ஜோ' 1968 முதல் 1973 வரை 'ஷோனென் மாகசின்' வார இதழில் வெளிவந்தது. தலைவன் ஜோ ஆதரவற்ற இளைஞன். சிறார் சிறையில் அவன் தப்பியோட முயலும்போது தடுத்து வீழ்த்துபவன் ரிக்கீஷி தோரு. அப்போது அவன் வெறும் தடைக்கல்தான். இவனே ஜோவின் குத்துச்சண்டை எதிரி ஆவான் என்று அறியாத சிபா, அவனை ஜோவினும் மிக உயரமாக வரைந்துவிட்டார். இருவரும் மேடையில் மோத வேண்டும் எனக் கதை நகர்ந்தபோது சிக்கல் எழுந்தது. எடைப்பிரிவு வேறாயின் மோதவே இயலாது.

அச்சிக்கலுக்குக் கண்ட தீர்வுதான் ரிக்கீஷியைப் பெரும்பாத்திரமாக்கியது. மேலே செல்லும் வழியெல்லாம் திறந்திருக்க, அவன் ஜோவுடன் மோதும் பொருட்டுத் தன் உடலைத் தானே குறைத்துக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கி வருகிறான். உணவை விடுகிறான், பின்னர் நீரையும் விடுகிறான். தாகம் தாளாமல் இரவில் குழாயைத் தேடி அலைகிறான். இரங்கி ஒருத்தி நீட்டும் நீரையும் குடியாமல் நன்றி கூறிக் கீழே ஊற்றிவிடுகிறான். போட்டியில் வெல்பவனும் அவனே. தோற்ற ஜோ நீட்டும் கையைப் பற்ற முயன்று, பற்றாமலே சரிந்து இறக்கிறான். வார இதழில் சில பக்கங்களாகத் தவணைமுறையில் வந்த கதை இது. அவன் மெலிவதை வாசகர் வாரக்கணக்கில் உடனிருந்து கண்டனர். ஒரு மணி நேர நாடகத்தால் தர இயலாத நெருக்கம் அது.

அடுத்து நிகழ்ந்தது கவிஞர்களாகிய நம் அன்பர்கள் அறியத்தக்கது. 24.3.1970 அன்று தோக்கியோவில் அவ்விதழை வெளியிடும் கோதன்ஷா நிறுவனத்தின் அரங்கில் ரிக்கீஷிக்கு இறுதிச்சடங்கு நடைபெற்றது. முன்னின்றவர் கவிஞரும் நாடக ஆசிரியருமான தெராயாமா ஷூஜி (1935–1983). ஐந்தடித் தன்கா பாடல்களால் இளமையிலேயே பெயர் பெற்றவர். அரங்கில் குத்துச்சண்டை மேடை அமைக்கப்பட்டது. பௌத்தத் துறவி சூத்திரம் ஓதினார். ஏறத்தாழ 700 பேர் கூடினர். தாளில் வரைந்த ஒருவனுக்கு, அதிலும் தலைவனின் எதிரிக்கு, ஒரு கவிஞர் ஊர் கூட்டி நீத்தார் கடன் செய்தார். இதனை விளம்பரக் கூத்து என்று ஒதுக்கலாம். விளம்பரமும் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் வந்தவர்களின் துயரம் விளம்பரத்தால் விளைந்ததன்று.

சரியாக ஏழு நாள் கழித்து, 31.3.1970இல், செம்படைக் குழுவைச் சேர்ந்த ஒன்பது இளைஞர் 'யோதோ' என்னும் பயணிகள் விமானத்தைக் கடத்தி வடகொரியாவுக்குச் சென்றனர். தங்களை 'நாளைய ஜோ' என்று அறிக்கையில் அவர்கள் குறிப்பிட்டுக்கொண்டனர். பகைப்பாத்திரத்தின் மீது மையல் கொண்டால் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்று அஞ்சுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்க வேண்டும். பயணிகளை அச்சுறுத்தியவர்கள் பூண்டுகொண்டது தலைவனின் பெயரை. பகைவனை நேசித்தவர்கள் அவனுக்காக அழுதுவிட்டு வீடு திரும்பினர். தலைவனோடு ஒன்றிவிடும் வாசகன் தன்னையே நியாயப்படுத்திக்கொள்ள எளிதாக வழி கிடைக்கிறது. பகைவனைப் புரிந்துகொள்ள முயல்பவனோ, தனக்கு எதிரே நிற்பவனும் ஒரு வாழ்வு உடையவன் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

காவோவின் கை

இதனை மிக ஆழமாகக் காட்டியது, என் கருத்தில், தெசுகாவின் 'ஃபீனிக்ஸ்' வரிசையில் 1969–70இல் வெளிவந்த பகுதியாகும். களம் 8ஆம் நூற்றாண்டின் நாரா காலம். பிறந்த அன்றே விபத்தில் ஒரு கண்ணையும் ஒரு கையையும் இழந்த காவோ கொள்ளைக்காரனாகிறான், கொல்கிறான். இரு கைகளும் உடைய இளஞ்சிற்பி அகானேமாருவைக் கண்டு பொறாமையுற்று அவன் கையை வெட்டி முடமாக்குகிறான். காலம் செல்லச் செல்லக் காவோ துன்பத்தினூடே சிற்பியாகிறான். அகானேமாரு புகழ் வளர வளர அரசவையின் அடிமையாகிறான். இருவரும் போட்டியிடும்போது காவோவின் படைப்பே சிறந்தது என்று தீர்ப்பாகிறது. உடனே அகானேமாரு பழங்குற்றத்தை அவையில் உரைக்க, காவோவின் எஞ்சிய கையும் வெட்டப்படுகிறது.

இங்கே தெசுகா காவோவின் கொலைகளை எவ்விடத்தும் மன்னிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அகானேமாரு உரைத்தது பொய்யும் அன்று. உண்மையைக் கூறியே ஒருவன் தீமை செய்துவிடுகிறான். நல்லோன், தீயோன் என்னும் பெயர்ப்பலகைகளைத் தெசுகா இடம் மாற்றி மாட்டவில்லை. இருவர் வாழ்வையும் முழுநீளத்துக்குப் பார்க்க வைக்கிறார்.

பிற்காலப் படைப்புகள் எல்லாமே இவ்வுயரத்தை எட்டின எனல் இயலாது. உரசாவா நாவோகியின் 'மான்ஸ்டர்' (1994–2001), ஒரு மருத்துவர் காப்பாற்றிய சிறுவனே கொலைகாரனாக வளர்வதைக் காட்டி, காப்பாற்றியது பிழையா என்று கேட்டது, நல்ல வினா. 2016 முதல் 2020 வரை வந்து பெரும்புகழ் பெற்ற 'கிமெத்சு நோ யாய்பா'வில் அரக்கர் வெட்டுண்டு மடிகையில் அவர்தம் மனிதப் பிறப்பின் துயரங்கள் விரிகின்றன. கோந்தாவின் மொதோரியே மீண்டும் வருகிறது. உருக்கமானதுதான். ஆயினும் ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு கண்ணீர்க்கதை என்று வாய்பாடாகிவிடும்போது, இரக்கம் கொலையைச் சுவையாக்கும் உப்பாகிவிடுகிறதோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. பகைவன் இறந்தால்தான் அவனை நேசிக்க இயலும் என்பது எழுத்தாளர்க்கு வசதியான ஏற்பாடு.

இறவாத பகைவர் அரியர். அவருள்ளும் பெண்கள் மிக அரியர். மியாசாகி ஹயாவோ 1982 முதல் 1994 வரை வரைந்த 'நௌசிகா' மங்காவில் வரும் இளவரசி குஷானா அத்தகையவள். படையெடுத்து வருபவளாகத்தான் அவளை முதலில் காண்கிறோம். அவளுக்கென வைத்த நஞ்சைத் தாய் அருந்திச் சித்தம் கலங்கினாள் என்பதும், உடன்பிறந்தோரே அவளைக் கொல்லச் சூழ்ந்தனர் என்பதும் பின்னரே தெரியவருகின்றன. மியாசாகி அவளைக் கொன்று நம் கண்ணீரைப் பெற முயலவில்லை. பழியுடனும் பொறுப்புடனும் வாழ விடுகிறார். நாட்டுக்குத் திரும்பிய குஷானா இறுதிவரை அரியணை ஏறாது, பகர ஆளுநராகவே இருந்தாள் என்றும், அந்நாடு பின்னர் மன்னரில்லா நாடு என்று பெயர் பெற்றது என்றும் கதை முடிகின்றது.