தகடூர்த் தச்சனின் சக்கரம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நெல்லிக்கனி கொடுத்த வள்ளலாக நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அவன் கதைமாந்தன் அல்லன் என்பதற்குச் சான்றாக, அவன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று 1981-இல் ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்டது. அவனையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் ஔவையார் பாடிய பாட்டுகளில் தச்சரும் வண்டிகளும் திரும்பத் திரும்ப வருவதைப் பலர் கவனிப்பதில்லை.

புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் பகைவரை எச்சரிக்கும் புலவர், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்துவிடும் தச்சன் ஒருவன் ஒரு மாதம் முழுதும் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். 102-ஆம் பாட்டில் அவன் மகன், உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டி எடுத்துச் செல்லும் மாற்று அச்சு ஆகிறான். 206-ஆம் பாட்டிலோ, கோடரியுடன் காட்டுக்குள் நுழையும் தச்சனின் பிள்ளைகள் வருகிறார்கள். கைத்தொழில் தெரிந்த பிள்ளைக்கு எந்தத் திசையிலும் மரம் உண்டு, புலவர்க்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்பது பொருள்.

எட்டுத் தேர் என்பது கவிஞரின் மிகை. ஆனால் ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதமா? பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு மரக்கார் செய்து பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. உடலைச் செதுக்க ஒரு பிற்பகல் போதும், சக்கரம்தான் சோதிக்கும்.

பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் வழி, உருண்டையான கிளையைக் குறுக்கே வில்லை வில்லையாக அறுப்பது. சில நாட்களில் அந்த வில்லைகள் விளிம்பிலிருந்து நடுவரை பிளந்துவிடும். மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவை நோக்கிய திசையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வில்லையின் சுற்றளவு குறைய முயல்கிறது, ஆரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை; எனவே எங்காவது ஓரிடத்தில் கிழிந்தே தீரவேண்டும். பழங்காலத்து வண்டிச் சக்கரங்கள் பலவும் பலகைகளை இணைத்துச் செய்யப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

அதியமான் காலத்துத் தேர்ச்சக்கரம் இதைவிடப் பல படி முன்னேறியது. உளியால் குடைந்த குடம், அதைச் சூழ்ந்த ஆரக்கால்கள், இரும்பு விளிம்பு ஆகியவற்றைச் சிறுபாணாற்றுப்படை விவரிக்கிறது. குடத்தின் துளைகளில் ஒன்று சற்றுச் சாய்ந்தாலும் வட்டம் கோணும். பச்சை மரம் உலர ஒரு மாதம் போதாது என்பதால், நம் தச்சன் நன்கு உலர்ந்த மரத்தையே எடுத்திருப்பான். அந்த ஒரு மாதமும் பொருத்துவதிலும் சரிபார்ப்பதிலும் கழிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

விளையாட்டுத் தேரும் அக்காலத்தில் இருந்தது. பட்டினப்பாலையில் சிறுவர் மூன்று சக்கரத் தேரைக் குதிரையின்றி உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் பொம்மைத் தேர், தச்சரின் பிள்ளைகளே ஆசைப்படும்படி அழகு செய்யப்பட்டது. தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளையே ஏங்கினால் அதன் வேலைப்பாடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்! பிள்ளைத்தமிழிலும் ஆண்பாலுக்குச் சிறுதேர்ப் பருவம் என்று ஒன்று உண்டு. அதற்கும் வெகுகாலம் முன்பே சிந்துவெளிக் குழந்தைகள் சுட்டமண் வண்டிகளை இழுத்தார்கள்.

அழகு செய்யும் கலைக்குத் தருமபுரிக்காரர்கள் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மேற்கே கருநாடகத்தின் சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தின்மேல் படிந்துவிடுகிறது. தூரிகை வேண்டாம், உலரக் காத்திருக்கவும் வேண்டாம்.

இனிப் பந்தயம். 1953-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், டான் மர்பி என்பவர் சாரணச் சிறுவர்களுக்காக ஒரு போட்டியைத் தொடங்கினார். சிறுவர் தாமே ஏறி ஓட்டும் வண்டிப் பந்தயத்தில் கலந்துகொள்ள அவர் மகனுக்கு வயது போதவில்லை. ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சக்கரம், அச்சாக ஆணிகள். சரிவில் விட்டால் புவியீர்ப்பே இழுத்துச் செல்லும். இன்று அப்போட்டியில் எடை வரம்பு வழக்கமாக ஐந்து அவுன்சு, அதாவது சுமார் 142 கிராம்.

எடை கூடினால் வேகமும் கூடுமா? காற்றும் உராய்வும் இல்லாவிட்டால் உடலின் எடையால் பெரிய வேறுபாடு இராது. காற்று இருப்பதால் கனமான கார் சற்று முந்துகிறது. ஆனால் அந்தக் கனம் சக்கரத்தில் இருக்கக்கூடாது. தட்டையான வட்டச் சக்கரம் ஓடும்போது, முன்னேறுவதற்கான ஆற்றலில் பாதியளவைச் சுழல்வதற்கென்று கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே கனத்தை உடலில் ஏற்றி, சக்கரத்தை மெலிதாக வையுங்கள். அச்சும் மெலிதாகவே இருக்கட்டும்; அச்சு பருத்தால் உராய்வு சக்கரத்தைத் தடுக்கும் விசை கூடும்.

சக்கரம் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. காரைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, தானே நிற்க விடுங்கள். கீழே வந்து நிற்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு, மீண்டும் சுழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதே குறி கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். உப்புத்தாளால் அங்கே சிறிது தேய்த்துவிட்டு, மறுபடி சுழற்றிப் பாருங்கள்.